முப்பத்துநாலு வயதுப் பையனுக்கு லீவு லெட்டர்

வளர்ந்த பிள்ளைகளால் தூக்கம் தொலைத்த பெற்றோர்களின் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பெயர்களைப் போடவில்லை. ஊர்களையும் மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்தப் பத்திரிகையைத்தானே வாங்குகிறார்கள்!

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்
*மகனுக்கு 34 வயது. குடி. ‘இனிமேல் அவனிடம் ஒட்டாமல் இருந்து பழகுங்கள்’ என்கிறார் டாக்டர். பெற்ற பிள்ளையிடம் எப்படி ஐயா ஒட்டாமல் இருப்பது?*

டாக்டர் பிள்ளையை விடச் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளையின் வேலைகளை விடச் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை காலையில் அவன் எழுந்திருக்க முடியாதபோது கம்பெனிக்கு போன் போட்டு ‘தம்பிக்கு வைரல் ஃபீவர்’ என்று சொல்வது யார்? சர்வீஸில் இருந்தவரை ஆயிரக்கணக்கில் லீவு லெட்டர் வாங்கியிருப்பீர்கள். இப்போது முப்பத்துநாலு வயதுப் பையனுக்கு நீங்களே எழுதித் தருகிறீர்கள்.

கடையில் அவன் வைத்த பாக்கியை அடைப்பது, வாந்தி எடுத்த இடத்தைக் கழுவுவது, எங்கேயோ விட்டுவிட்டு வந்த வண்டியை மறுநாள் தேடிப் போய் எடுத்து வருவது, இதெல்லாம் அவன் குடியால் வந்த வேலைகள். அவற்றையெல்லாம் நீங்கள் முடித்துவிட்டால், குடித்ததில் அவனுக்கு என்ன நஷ்டம்? தலைவலி ஒன்றுதான். அதற்கும் வீட்டம்மா மோர் கரைத்து வைத்திருப்பார்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். கணவர்கள் கூட்டத்தில் பேச, மனைவிகள் வெளியே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கும் பேச நிறைய இருந்தது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ அமைப்பைத் தொடங்கினார். அங்கே போகிறவர்களுக்குச் சொல்லித்தருவது மூன்று விஷயம்: இந்த நோயை நீ உண்டாக்கவில்லை, உன்னால் இதை அடக்க முடியாது, உன்னால் இதைக் குணப்படுத்தவும் முடியாது. முதலாவது அம்மாக்களுக்கு. இரண்டாவது அப்பாக்களுக்கு. மூன்றாவது, பரிகாரம் சொல்லும் ஜோசியருக்கு.

சோறு போடுங்கள். பேசுங்கள். கம்பெனிக்கு அவனே போன் போடட்டும்.

பெயர் சொல்ல விரும்பாத தந்தை, சேலம்
*ரூமில் வைத்துப் பூட்டி நானே குடியை நிறுத்திவிடலாமா?*

வேண்டவே வேண்டாம். தினமும் நிறையக் குடித்து உடம்பு பழகியவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம் வரும், வலிப்பு வரும், யார் என்ன என்று தெரியாத குழப்பம் வரும். உயிரே போகலாம். நிறுத்துவதென்றால் ஆஸ்பத்திரியில், மருந்தோடுதான். பூட்டுச் சாவியைப் பீரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அம்மா, விழுப்புரம்
*டாஸ்மாக்கை மூடினால் என் கவலை தீருமா?*

டாஸ்மாக் பிறந்தது 1983-இல். சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தது 2003-இல். உங்களுக்கு மகன்மேல் இருக்கும் பாசத்தைவிட, நம் அரசுகளுக்கு அந்த வருமானத்தின்மேல் இருக்கும் பாசம் ஒரு படி மேல். அவர்கள் ஒட்டாமல் இருக்கக் கற்கும்வரை காத்திருக்காமல் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

தாய்மாமன், மதுரை
*ஒரு கால்கட்டுப் போட்டால் பையன் திருந்திவிடுவான் என்கிறேன். அக்கா கேட்கமாட்டேன் என்கிறாள்.*

அக்காவுக்கு என் வணக்கம்.

மாமா, பையனைப் பெற்று முப்பது வருடம் வளர்த்தவர்களால் முடியாததை, மூன்று மாதம் பழகிய ஒரு பெண் செய்துவிடுவாளா? முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதனின் குடும்பத்தில் இல்லாத வசதியா, கிடைக்காத வைத்தியமா? அவர் குடிநோயால் 1979-இல் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே கணவர் பெயரில் சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். 1992-இல் சாந்தி அம்மாவுக்குப் பத்மஸ்ரீ. அங்கே குடித்தவருக்குச் சிகிச்சை கொடுப்பதோடு குடும்பத்தையும் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மனைவியே மருந்து என்றால் சாந்தி அம்மாவுக்கு ஆஸ்பத்திரி கட்டும் வேலையே வந்திருக்காது.

பையனுக்குப் பெண் தேடும் நேரத்தில் டாக்டரைத் தேடுங்கள். ஜாதகம்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

ஓர் அப்பா, நாகர்கோவில்
*நான் கறாராக இருக்கிறேன். என் மனைவி முந்தானையில் முடிந்து வைத்து ரகசியமாகக் கொடுக்கிறாள்.*

எந்தக் கவுன்டர் திறந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்போதும் தெரியும். நீங்கள் மூடிய கவுன்டரின் கூட்டமும் சேர்ந்து இப்போது அம்மா முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் கத்தக் கத்த, நடுவில் புகுந்து ஈடுகட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பையன் இல்லாத ஒரு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: கையில் ரொக்கம் கிடையாது, பசித்தால் சாப்பாடு உண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் ஆட்டோ காசு உண்டு. அதற்குமேல் ஒரு ஷரத்தும் வைக்காதீர்கள். பத்து ஷரத்து போட்டால் ஒன்பதை நீங்களே மீறுவீர்கள்.

கல்லூரிப் பேராசிரியை, கோவை
*நடுத்தெருவுக்கு வந்தால்தான் புத்தி வரும், அதுவரை விட்டுவிடு என்கிறார்கள் சிலர். சரியா?*

நடுத்தெருவுக்கு வந்து புத்தி தெளிந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். அவர்கள் சொல்வதற்கு இருக்கிறார்கள். தெளியாதவர்கள் வந்து சொல்வதில்லை.

உங்களுக்குப் பிடித்தமான வகையில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேயர்ஸ் குடும்பத்தாருக்காக ‘கிராஃப்ட்’ என்றொரு பயிற்சிமுறையை உருவாக்கினார். சிகிச்சைக்கே வரமாட்டேன் என்று நின்றவர்களின் குடும்பங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1999-இல் வெளியாயின. அல்-அனான் வழியில் போன குடும்பங்களில், குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தது 13 சதவீதம். சொந்தபந்தம் எல்லாம் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேரே கேட்கும் வழியில் 30. ‘கிராஃப்ட்’டில் 64. அது செய்யச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம்: அவன் தெளிவாக இருக்கும் நாளில் கூட உட்கார்ந்து சாப்பிடு, சிரித்துப் பேசு, கிரிக்கெட் பார். குடித்துவிட்டு வந்தால் சண்டை போடாமல் எழுந்து உன் அறைக்குப் போ. நாம் நேர்மாறாகச் செய்கிறோம். தெளிவாக இருக்கும் நாளில் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு திட்டுகிறோம். குடித்துவிட்டு வந்த இரவில் விழுந்து விழுந்து கவனிக்கிறோம்.

அதற்காக அல்-அனானைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டி என்று யாரும் சொல்லவில்லை. அதே ஆய்வில் குடும்பத்தாரின் மனநிலை மூன்று வழியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியது. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் பெற்றவர்கள் தேறலாம் என்பதுதான் அதில் எனக்குப் பெரிய செய்தி.

இல்லத்தரசி, காரைக்குடி
*பற்றை விட எந்தக் கோயிலுக்குப் போகலாம்?*

எந்தக் கோயிலுக்கும் போகலாம். கிளம்பும்போது அவன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யாமல் போங்கள்.

மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்
*மகன் ஆன்லைன் ரம்மியில் விட்டதற்கு ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறான். வசூல்காரர்கள் எனக்கு போன் செய்து மிரட்டுகிறார்கள். நான் கட்டியாக வேண்டுமா?*

ஜாமீன் கையெழுத்து போட்டீர்களா? போடவில்லையென்றால், மேஜரான மகன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு அப்பா பொறுப்பில்லை. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, மிரட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. எண்களைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் போட்டது. அதிலிருந்து ரம்மிக்கும் போக்கருக்கும் உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. 2025-இல் மத்திய அரசு மொத்தமாகவே தடை செய்தது. இத்தனைக்குப் பிறகும் தேடிப் போய் ஆடுகிறவனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, நோய். மொத்தக் கடனையும் நீங்கள் ஒரே நாளில் அடைத்தால், அவன் கண்ணில் அது புதிய கடன் வரம்பு. கடைக் கல்லாவின் சாவி உங்களிடம் இருக்கட்டும், கடன் பட்டியலை அவன் கையால் எழுதட்டும். மனநல மருத்துவரிடம் கூடப் போங்கள். சூதாட்டக் கடனில் உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதனால் ‘கட்டமாட்டேன்’ என்று சொல்லும் அதே மூச்சில் ‘உன்னை விடமாட்டேன்’ என்றும் சொல்லிவிடுங்கள்.

ஓர் அம்மா
*பணம் கொடுக்கவில்லையென்றால் செத்துப்போவேன் என்கிறான். மிரட்டுகிறானா, நிஜமாகச் சொல்கிறானா, எப்படிக் கண்டுபிடிப்பது?*

கண்டுபிடிக்க வேண்டாம், அம்மா. அது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. ஒவ்வொரு முறையும் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பதில் பணமாக இருக்கக்கூடாது. ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, சாணிப்பவுடர், மாத்திரைகள் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. உடனே 14416-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மனஸ், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104. சென்னையில் 1986-லிருந்து சிநேகா அமைப்பு இருக்கிறது. எந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. முயன்றுவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஒளிக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது.

‘பணம் தரமாட்டேன், வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன்.’ எத்தனை தடவை கேட்டாலும் இந்த ஒரே பதில்.

காந்தியவாதி, திருப்பூர்
*காந்தியாலேயே தன் மூத்த மகனைத் திருத்த முடியவில்லை. நாமெல்லாம் எம்மாத்திரம்?*

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

ஹரிலால் 1888-இல் பிறந்தவர். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் மறுபடி மறுபடி சிறைக்குப் போனார். ‘சின்ன காந்தி’ என்றே அவரைச் சொன்னார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஓர் ஆசை: அப்பாவைப்போல இங்கிலாந்து போய்ப் படிக்க வேண்டும். வாய்ப்பு வந்தபோது அப்பா அதை மற்றவர்களுக்குக் கொடுத்தார். 1911-இல் மகன் வீட்டைவிட்டுப் போனார். 1918 விஷக்காய்ச்சலில் மனைவி இறந்தார். பிறகு குடி, கடன், ஊர் ஊராக அலைச்சல்.

1925-இல் ஒரு வக்கீல் காந்திக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் மகன் இயக்குநராக இருக்கும் கம்பெனியில் என் கட்சிக்காரர் பணம் போட்டார், இப்போது கம்பெனியைக் காணோம். காந்தி அதைத் தன் ‘யங் இந்தியா’வில் பிரசுரித்தே பதில் சொன்னார். ஆமாம், அவர் என் மகன்தான். அவர் தொழிலில் எனக்குப் பங்கில்லை. பெரிய பெயர்களைப் பார்த்துப் பணம் போடாதீர்கள். மேஜரான மகனின் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்ற அளவில், திண்டுக்கல் கடைக்காரருக்கு நான் சொன்னதும் இதுதான். அதுவரை சரி.

அதற்குமேல் போனதில்தான் எனக்குச் சம்மதமில்லை. 1936-இல் ஹரிலால் மதம் மாறி அப்துல்லா ஆனார். அப்பா அதையும் பத்திரிகையில் எழுதினார். அம்மா பெயரிலும் ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. சில மாதங்களில் மகன் பழையபடி திரும்பிவிட்டார். மகனின் தவறுகளை ஊரறிய எழுதுகிறவர் விலகியவரா? ஒட்டிக்கொண்டிருப்பவர்தான் அப்படி எழுதுவார். கோபமும் ஒரு பிடிதான். பாசத்தைவிட இறுக்கமான பிடி.

கட்னி ரயில் நிலையத்தில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ரயிலில் காந்தியும் கஸ்தூரிபாவும். கூட்டம் முழுக்க ‘மகாத்மா காந்திக்கு ஜே’ என்கிறது. ஒரே ஒரு குரல் ‘மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே’ என்றது. கந்தல் உடையில் ஹரிலால். கையில் வைத்திருந்த ஆரஞ்சை அம்மாவிடம் கொடுத்து, இது உனக்கு மட்டும்தான், அப்பாவுக்கு இல்லை என்றாராம். 1944-இல் ஆகா கான் மாளிகையில் அம்மா மரணப்படுக்கையில் இருந்தபோது குடித்துவிட்டு வந்து நின்றதும் அதே மகன். காந்தி கொல்லப்பட்ட ஐந்து மாதத்துக்குள், 1948 ஜூன் 18-இல், பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தார்.

ஆகவே, ஐயா, நாம் எம்மாத்திரம் என்பதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ஊரைத் திருத்தியவருக்கே இந்த வேலை கொடுக்கப்படவில்லை. உங்களுக்கு மட்டும் யார் கொடுத்தது?

தமிழாசிரியை, சிதம்பரம்
*நம் புராண இதிகாசத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டா?*

கெட்ட உதாரணம்தான் பிரசித்தம்: திருதராஷ்டிரன். விதுரர் சொன்னார், பீஷ்மர் சொன்னார், மனைவி சொன்னாள். எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு மகன் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பட்டினத்தார் கதை வேறு மாதிரி. அங்கே அப்பாவுக்குப் பற்றறுக்கச் சொல்லிக்கொடுத்ததே பிள்ளைதான். உங்கள் வீட்டில் யார் யாருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி ஊழியர், சென்னை
*மகளுக்கு 29 வயது. மனச்சிதைவு என்று சொல்லிச் சிகிச்சை நடக்கிறது. அவளிடமும் ஒட்டாமல் இருக்க வேண்டுமா? நான் அவளை ஒரு நிமிடம்கூடப் பிரிவதில்லை.*

உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் பதில் இருக்கிறது.

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். வாடகை அறைகளில் தங்கியவர்களைவிட, பெற்றோருடனோ மனைவியுடனோ போய் இருந்தவர்கள் சுமாராகத்தான் தேறினார்கள். யாரும் எதிர்பார்க்காத முடிவு. தோண்டிப் பார்த்தபோது காரணம் பாசக்குறைவு இல்லை. ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அல்லது மூச்சுமுட்டும் அக்கறை. இந்த மூன்றில் எது மிகுந்த வீட்டிலும் நோய் மறுபடி தலைதூக்குவது அதிகம். அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குமேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பிறகு சண்டிகரில் இதே மாதிரி ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிட இங்கே குறைவு என்று தெரிந்தது. நம் ஊரைப் பற்றி ஒரு நல்ல சேதி. எப்போதாவதுதான் வருகிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் மகளைப் பிரிய வேண்டாம். நிமிடத்தைப் பிரியுங்கள். மாத்திரை நேரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், டாக்டர் தேதியைத் தவறவிடாதீர்கள். ‘என்னம்மா யோசிக்கிறே, ஏன் சிரிச்சே, யாரோட பேசினே’ என்பதை நிறுத்துங்கள். ஒரு துணி மடிப்பு, ஒரு கடை வேலை என்று அவள் பொறுப்பில் எதையாவது கொடுத்துவிட்டு, அவள் மடித்ததை மறுபடி மடிக்காதீர்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்கிறார்கள். நீங்கள் தனியாகப் போய்விட்டு வாருங்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவளுக்கும் விடுமுறை.

இங்கே ஒரு எச்சரிக்கை: குடிப்பவனை அவன் வேலையோடு விடு என்று சொன்னதை இந்த நோய்க்குப் பொருத்தாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு விளைவை அவளே அனுபவிக்கட்டும் என்பது விலகல் இல்லை, கைவிடல்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், வேலூர்
*வீட்டை எழுதிக் கொடு என்று அடிக்கிறான்.*

எழுதாதீர்கள். நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீடென்றால், பெற்றோர் அனுமதிக்கும்வரைதான் மகன் அதில் இருக்கலாம், அது உரிமை அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொன்னது. பூர்வீகச் சொத்து வேறு கதை, வக்கீலைப் பாருங்கள். ஏற்கெனவே செட்டில்மென்ட் எழுதியிருந்தால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டிக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ‘எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இருந்தால் வேலை சுலபம். முதியோர் உதவி எண் 14567.

கை நீட்டியவனிடம் ஒட்டுவதா விலகுவதா என்ற பேச்சே இல்லை. முதலில் 112.

ஓர் அம்மா, கும்பகோணம்
*மகன் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். நேற்று நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் என்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரே அழுகை. நான் எல்லாம் ஒரு தாயா?*

எதற்குச் சிரித்தீர்கள் என்று எழுதவில்லையே! அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பிரசுரிக்கிறேன்.

31 வயது மகன், ஊர் குறிப்பிடவில்லை
*உங்கள் பத்தியைப் படித்ததிலிருந்து அம்மா எனக்குக் காலை காபி போடுவதை நிறுத்திவிட்டார். இதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?*

ஏற்கமாட்டேன். நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கவும்.